தலைமுறைக் கப்பலும் தாய்மொழியும்

(கோவளத்தில் ஆற்றப்பெற்ற உரை)



இக் கோவளக் கடலில் விடியுமுன் இறங்கும் படகு வெயில் ஏறியதும் கரை திரும்புகின்றது. சென்றவரே மீள்கின்றனர். அறிவியலார் எண்ணிப் பார்த்துள்ள கப்பல் ஒன்று உண்டு. அதில் ஏறியவர் மீளார்; சென்று சேர்பவரும் அவரல்லர்; அவர்தம் வழித்தோன்றல்களே கரை காண்பர். அதுவே தலைமுறைக் கப்பல். பல்லாயிரவர் பிறந்து வாழ்ந்து மடியத்தக்க உருண்டை ஊர் ஒன்றை விண்ணில் மிதக்கவிடலாம் என 1929-ஆம் ஆண்டிலேயே பெர்னால் என்னும் அறிஞர் எழுதினார்.

எற்றுக்கு அத்துணைத் தலைமுறை? ஞாயிற்றுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் பிராக்சிமா. அதன் தொலைவு 4.24 ஒளியாண்டு. நீர் நீராகவே நிற்கத்தக்க தொலைவில் அதனைச் சுற்றிவரும் கோள் ஒன்று 2016-இல் கண்டறியப்பட்டது. 1977-இல் ஏவப்பட்ட வாயேசர்-1 கலம் நொடிக்கு ஏறத்தாழ 17 கி.மீ. விரைவில் செல்கின்றது. அவ்விரைவில் அத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டு வேண்டும். ஒளியின் விரைவில் நூற்றிலொரு பங்கு கைகூடினும் 424 ஆண்டு. அஃதாவது ஏறத்தாழ 17 தலைமுறை. முதல் தலைமுறை புறப்படும். இறுதித் தலைமுறை இறங்கும். இடைப்பட்ட 15 தலைமுறையினரும் புறப்பட்ட மண்ணையும் அறியார். சேரும் மண்ணையும் அறியார்.

அக்கப்பலில் காற்றையும் நீரையும் உணவையும் உள்ளேயே ஆக்கிக்கொள்ளல் வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் 1991 முதல் 1993 வரை எண்மர் அடைத்த கண்ணாடிக் கூடத்துள் ஈராண்டு வாழ்ந்து பார்த்தனர். பயிர் விளைத்தனர், ஆயினும் உயிர்வளி 21 விழுக்காட்டினின்று ஏறத்தாழ 14 விழுக்காடாய்க் குறைந்தது. வெளியிலிருந்து உயிர்வளியைச் செலுத்த நேர்ந்தது. விண்ணிலோ வெளியிலிருந்து தருவார் எவருமிலர்.

மொழியும் அத்தகையதே. கருவியைப் பழுது பார்க்கும் அறிவும் வித்தைப் பேணும் அறிவும் சொல்லாகவே கைமாறுகின்றன. இடைத்தலைமுறை ஒன்று கற்பிக்கத் தவறினும், இழந்ததை மீட்டுத்தர அக்கப்பலில் ஆளில்லை.

இது வெறும் புனைவன்று. தமிழர் இத்தகைய கப்பலில் முன்பே ஏறியவர். 1860 அக்டோபர் 12-இல் சென்னையினின்று புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் நவம்பர் 16-இல் தென்னாப்பிரிக்கத் தர்பன் துறையை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாய் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் சென்றனர். கடற்செலவு முப்பத்தைந்து நாளே. மொழியின் செலவோ இன்னும் முடியவில்லை. தில்லையாடி வள்ளியம்மை 1898-இல் சோகன்னசுபர்க்கில் பிறந்து, 1914-இல் 16 அகவையில் அந்நாட்டிலேயே மறைந்தார். தாம் காணாத ஊரின் பெயராலேயே இன்றும் அறியப்படுகின்றார். அவர் இடைத்தலைமுறை. இன்று அங்கே தமிழ்ப் பெயர் உண்டு, கோயில் உண்டு, காவடி உண்டு. பெரும்பாலோர் இல்லங்களில் பேச்சு மட்டும் ஆங்கிலம்.

மொரிசியசுத் தீவின் பணத்தாள்களில் தமிழெழுத்து உளது. 1998-இல் வெளிவந்த தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது தமிழர் கிளர்ந்தெழுந்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. போற்றத்தக்க எழுச்சி! ஆயினும் அங்குள்ள தமிழருள் மிகப்பலர் வீட்டில் பேசுவது கிரியோல். பணத்தாளில் இடம் மீண்டது, அடுக்களையில் மீளவில்லை.

முன்சொன்ன வாயேசர் கலத்தில் பொன்பூசிய தட்டு ஒன்று உளது. அதில் 55 மொழிகளில் வாழ்த்துரை. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, தமிழ் இல்லை. வழக்கொழிந்த சுமேரியமும் அக்காதியமும்கூட உள்ளன. இறந்த மொழிக்கும் வாய்தர ஒருவர் அங்கிருந்தார் என்பதே அதன் பொருள். பேசுவாரில்லாத மொழி எக்கப்பலிலும் ஏறாது.

அக்கப்பல் இக்கரையிலும் நிற்கின்றது. வாடை, கொண்டல், கச்சான் எனத் திசைதோறும் காற்றுக்குப் பெயர் வைத்தவர் கடலோடிகள். எக்காற்றில் கடல் எப்படியிருக்கும் என்னும் அறிவு அப்பெயர்களோடு வாழ்கின்றது. ஆங்கிலவழிப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு எல்லாக் காற்றும் ஒரே காற்றாகிவிடின், பெயரோடு அறிவும் போகும். கடல் கடவாமலே, பிறந்த கரையிலேயே, அவ்வீடு மொழியிழந்த கப்பலாகும்.

ஆதலின், இங்குள்ள பெற்றோர் ஒவ்வொருவரும் இடைத்தலைமுறையினரே. பிறமொழி கற்பது குற்றமன்று. தம்மொழியைக் கையளிக்காமை குற்றம். உணவு வேளையில் பிள்ளைகளோடு தமிழிலேயே உரையாடுக. பாட்டன் அறிந்த காற்றின் பெயரையும் மீனின் பெயரையும் அவர்கள் எழுதி வைக்கச் செய்க. எப்பள்ளியில் பயிலினும் தமிழை எழுதவும் படிக்கவும் வீட்டில் கற்பித்திடுக. பெற்றதைக் குறையாமல் அடுத்தவர் கையில் சேர்ப்பதே இடையில் நிற்பார் கடன்.

வெல்க தமிழ்!