டெல்லி அனுப்பும் ஆளும் சேரியின் ஓட்டும்

(மாணவர், இளைஞர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சாதி இந்து எம்.எல்.ஏ.வைவிட டெல்லி அனுப்புற ஆளு நமக்கு மேல்" என்று நம்ம தோழர்கள் சிலரே சொல்கிறார்கள். ஊர்க்காரனுக்குப் பயப்படாத ஒருத்தர் மேலே இருந்தால் சேரிக்கு நியாயம் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. புதுச்சேரியை வைத்து இந்தக் கணக்கைச் சரிபார்ப்போம்.

1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசாங்கச் சட்டப்படி அங்கே சட்டசபை உண்டு, மந்திரிசபை உண்டு. துணைநிலை ஆளுநரை நியமிப்பது டெல்லி. மந்திரிசபை முடிவோடு ஆளுநர் உடன்படவில்லையென்றால் விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும். குடியரசுத் தலைவர் என்றால் நடைமுறையில் மத்திய அரசு. அதாவது சண்டைக்காரர்களில் ஒருவரை நியமித்தவரே பஞ்சாயத்தாராகவும் உட்காருகிறார்.

2018 ஏப்ரலில் என்ன நடந்தது? கிராமம் திறந்தவெளி மலம் கழித்தல் இல்லாமல், குப்பை இல்லாமல் இருக்கிறதென்று சான்று வந்தால்தான் இலவச அரிசி என்றார் அன்றைய ஆளுநர் கிரண் பேடி. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தார். கக்கூஸ் கட்ட இடமில்லாதவன் யார்? ஊர்க் குப்பையை அள்ளுகிறவன் யார்? அவன் சோற்றுக்குத்தான் நிபந்தனை. ஓட்டு கேட்டு வரவேண்டியவன் இப்படி வாய்விட்டுச் சொல்லிவிட முடியுமா?

பிறகு அரிசியா, பணமா என்று தகராறு. டெல்லி ஆளுநர் பக்கமே நின்றது. நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன். கணக்கில் விழுகிற பணம் கடன்காரனுக்கும் போகும், சாராயக்கடைக்கும் போகும். அரிசி உலைக்குத்தாங்க போகும்.

இன்னொன்று. 30 தொகுதிகளில் தலித்துகளுக்கு 5 தனித்தொகுதி. இவை போக 3 பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். அந்த மூன்றில் இடஒதுக்கீடு கிடையாது. அரசு ஊழியராக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். 2017ல் மாநில அமைச்சரவையைக் கேட்காமலே 3 பேரை நியமித்தார்கள். 2018ல் உச்சநீதிமன்றம் அதைச் சரி என்றது, அவர்களுக்கு ஓட்டும் உண்டு என்றது. 2021 பிப்ரவரியில் ராஜினாமாக்களுக்குப் பிறகு ஆளும் தரப்பில் சபாநாயகரையும் சேர்த்து 12 பேர். எதிரே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 11, நியமனம் 3, ஆக 14. ஆட்சி கவிழ்ந்தது.

அதற்காக மந்திரிகளை நான் கொண்டாடவில்லை. 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006ல். 2011ல் அந்தப் பதவிக்காலம் முடிந்து பத்து வருசத்துக்கு மேலாகியும் மறுபடி நடத்தவில்லை. நம்ம சனங்க உட்காரவேண்டிய நாற்காலிகளை முடக்கியதில் எல்லாக் கட்சிக்கும் பங்குண்டு. ஆனால் ஓட்டு வாங்கியவனைச் சேரி வாசலில் மறித்துக் கேட்கலாம், அடுத்த முறை தோற்கடிக்கலாம். நியமனக்காரரை எங்கே போய் மறிப்பது?

1949 நவம்பர் 25ல் அம்பேத்கர் எச்சரித்தார்: அரசியலில் ஒருவருக்கு ஒரு ஓட்டு, ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரே மதிப்பு, சமூக வாழ்விலோ சமத்துவம் இல்லை என்று. சமூகத்தில் கிடைக்காதது இன்னும் கிடைக்கவில்லை. அரசியலில் கிடைத்ததையும் நியமனம் அரித்துத் தின்கிறது. நம்மிடம் நிலமில்லை, பதவியில்லை, ஓட்டு ஒன்றுதான் இருக்கிறது. அதன் மதிப்பைக் குறைக்கிற எந்த மாளிகையும் நமக்குக் காவல் இல்லை, தோழர்களே.