மூவர் கூடிக் கற்க வேண்டிய மொழி

திருவண்ணாமலை வட்டாரத்து உழவர்கள் மணிலாப் பயிரின் விளைச்சலைக் குறிக்க வழங்கும் 'மகசூல்' என்ற சொல்லும், பட்டா மாற்றத்திற்காக அவர்கள் நாடிச் செல்லும் 'தாசில்தார்' என்ற பதவிப் பெயரின் முற்பகுதியும் வருவாய்த் துறையின் வழியாகத் தமிழில் வந்து தங்கிய அரபுச் சொற்களாகும். இவ்விரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. ஹ, ஸ, ல என்ற மூன்று மெய்யொலிகள் சேர்ந்து 'கிடைத்தல்' என்னும் பொருளைத் தர, அவற்றின் இடையிலும் முன்னும் பின்னும் வெவ்வேறு ஒலிகள் அமையும்போது, கிடைத்த பொருள் 'மஹ்ஸூல்' என்றும், அதனைத் திரட்டும் செயல் 'தஹ்ஸீல்' என்றும் ஆகின்றன. பெரும்பாலும் மூன்று மெய்களாலான இத்தகைய வேரிலிருந்து பல சொற்களைப் பிறப்பிப்பதே அரபு மொழியின் அடிப்படை அமைப்பாகும்.

இந்நகரத்தின் வரலாற்றிலும் அம்மொழிக்கு ஓர் இடம் உண்டு. அண்ணாமலையார் கோயிலின் வல்லாள கோபுரத்தால் நினைக்கப்படும் போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர், 14-ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தம் தலைநகரங்களுள் ஒன்றாகக் கொண்டு ஆண்டு, மதுரை சுல்தானுடன் நிகழ்ந்த போரில் மாண்டார். அம்முடிவை அக்காலத்திலேயே பதிவு செய்தவர், அந்தச் சுல்தானுக்கு மணவழி உறவினரும் மொராக்கோ நாட்டுப் பயணியுமான இப்னு பதூதா; 1355-இல் நிறைவுற்ற அவருடைய பயண நூல் அரபு மொழியில் அமைந்தது. தமிழகக் கடற்கரையை அந்நூல் 'மஅபர்' என்று சுட்டுகிறது. கடத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து தோன்றிய அச்சொல்லுக்குக் கடக்கும் இடம், அதாவது துறை, என்பது பொருள். ஆகவே மறைநூலை ஓத விரும்புவோருக்கும் வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் செல்வோருக்கும் மட்டுமன்றி, தம் ஊரின் பழமையை மூல ஆவணங்களிலிருந்து அறிய விழைவோருக்கும் அரபு பயன்படும் மொழியாகும்.

இம்மொழியை முறையாகக் கற்பிக்கும் பழைய நிறுவனங்கள் வட தமிழகத்தில் உள்ளன. வேலூரில் 19-ஆம் நூற்றாண்டில் தோன்றிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியும், ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924-இல் நிறுவப்பட்ட ஜாமியா தாருஸ்ஸலாமும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. எனினும் அவை ஆண்டுக் கணக்கில் தங்கிப் பயிலும் மாணவருக்கு உரியவை. வேலூரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவண்ணாமலையில் கடையோ அலுவலகமோ குடும்பமோ நடத்துபவர், நாளுக்கு ஒரு மணி நேரமே ஒதுக்க முடிந்தவராயின், அவருக்கு ஏற்ற வழி இணையவழிக் குழு வகுப்பாகும். அதாவது, ஓர் ஆசிரியரும் வெவ்வேறு ஊர்களிலுள்ள சில மாணவர்களும் குறித்த வேளையில் காணொளி வாயிலாகக் கூடிப் பயிலும் வகுப்பு. இந்திய நேரம் சவூதி அரேபிய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியதாதலால், இங்கே இரவு எட்டரை மணிக்குத் தொடங்கும் வகுப்பில் மதீனாவில் வேலை பார்க்கும் தமிழர் அங்கு மாலை ஆறு மணிக்குக் கலந்துகொள்ள இயலும்.

உலகெங்கும் இத்தகைய வகுப்புகள் பலவற்றில் பாடநூலாக விளங்கும் 'துரூசுல் லுகத்தில் அரபிய்யா', அதாவது அரபு மொழிப் பாடங்கள், என்ற மூன்று பாக நூலை இயற்றியவர் ஒரு தமிழ்நாட்டவர். 1933-இல் வாணியம்பாடியில் பிறந்து 2023-இல் மறைந்த முனைவர் வி. அப்துர் ரஹீம், மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் ஆசிரியராக இருந்து, அரபைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்காக அந்நூலை அமைத்தார். அவர் பிறந்த வாணியம்பாடியும் திருவண்ணாமலையும் 1989 வரை வட ஆர்க்காடு என்ற ஒரே மாவட்டத்திற்குள் இருந்தவை.

அந்நூலின் தொடக்கப் பாடங்கள் 'இது' என்னும் சுட்டையும் வீடு, கதவு போன்ற அன்றாடப் பொருட்பெயர்களையும் இணைத்துச் சிறு வாக்கியங்களை உருவாக்குகின்றன. இவ்விடத்தில் தமிழ் மாணவருக்கு ஓர் இயல்பான வாய்ப்பு உள்ளது. 'இது வீடு' என்று கூறத் தமிழில் இடையே ஒரு வினைச்சொல் தேவைப்படாதது போலவே அரபிலும் தேவைப்படுவதில்லை. அரபு இலக்கணத்தார் 'முப்ததா' என்றும் 'கபர்' என்றும் பிரிக்கும் அவ்வாக்கியத்தின் இரு உறுப்புகளும் தமிழ் இலக்கணம் கூறும் எழுவாய்க்கும் பெயர்ப்பயனிலைக்கும் நிகரானவை. ஆங்கிலத்தின் வழியே அரபு பயிலும் தமிழர், அங்கே இல்லாத ஒரு வினையைத் தேடிக் குழம்புகிறார். தமிழின் வழியே பயில்பவருக்கு அக்குழப்பம் எழுவதில்லை.

தனி வகுப்பைக் காட்டிலும் குழு வகுப்பு ஏன் சிறந்தது என்பதற்கான விடை அம்மொழியின் இலக்கணத்திலேயே இருக்கிறது. தமிழில் எண் என்பது ஒருமை, பன்மை என இரண்டே. அரபில் இருவரைச் சுட்டும் இருமையும் சேர்ந்து மூன்றாகும். மேலும், தமிழில் 'நீ' என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருக்க, அரபில் ஆணை 'அன்த்த' என்றும் பெண்ணை 'அன்த்தி' என்றும், இருவரை 'அன்த்துமா' என்றும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆடவரை 'அன்த்தும்' என்றும், அவ்வாறே பல பெண்களை 'அன்த்துன்ன' என்றும் விளிக்க வேண்டும். வினைமுற்றும் அதற்கேற்ப மாறுவதால் மரபுவழி வாய்பாடு 14 வடிவங்களைக் கொண்டது. ஆசிரியரும் மாணவரும் மட்டுமே உள்ள வகுப்பில் முன்னிலை ஒருமை ஒன்றே உயிருடன் வழங்கும். ஏனையவை மனப்பாடமாகவே நின்றுவிடும். ஆடவரும் மகளிரும் கலந்த குழுவிலோ, ஒருவரை, இருவரை, பலரை உண்மையாகவே விளித்து வினவும் தேவை ஒவ்வொரு நாளும் எழுகிறது.

இணையத்திற்கு உரிய குறைகளும் உண்டு. திண்ணைப் பள்ளியிலும் மதரஸாவிலும் ஆசிரியர் சொல்ல மாணவர் ஒரே குரலில் திருப்பிச் சொல்வது மரபு. இணையத்தில் ஒவ்வொருவர் குரலும் சற்றே வெவ்வேறு தாமதத்துடன் வந்து சேர்வதால் கூட்டாக ஓதுதல் குழப்பமாக முடிகிறது. ஆகவே ஏனையோர் ஒலிவாங்கியை அணைத்திருக்க ஒருவர்பின் ஒருவராகச் சொல்லும் முறையே அங்குப் பொருந்தும். அவ்வாறு ஒவ்வொருவருக்கும் போதிய முறை கிடைக்க வேண்டுமாயின் குழு பத்துப் பேரை மிகாதிருத்தல் நலம்.

ஒலிப்புச் சிக்கல் இதனினும் நுண்ணியது. அடிநாவில் பிறக்கும் ககரத்துடன் கூடிய 'கல்ப்' இதயத்தையும், சாதாரணக் ககரத்துடன் கூடிய 'கல்ப்' நாயையும் குறிக்கும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆகையால் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு படிக்கும் வழக்கத்தை முதல் சில வாரங்களிலேயே கைவிட்டு, 28 அரபு எழுத்துகளையும் வலமிருந்து இடமாகக் கையால் எழுதிப் பழக வேண்டும். எழுத்துகள் எவ்விடத்தில் பிறக்கின்றன என்பதை ஆராயும் அறிவு தமிழருக்குப் புதியதன்று; தொல்காப்பியம் அதற்கெனப் பிறப்பியல் என்ற தனி இயலையே வகுத்துள்ளது. அரபில் 'மக்ரஜ்' எனப்படும் அந்த ஒலிப்பிடத்தை மாணவர் உணர வேண்டுமாயின், ஆசிரியரின் வாய் திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும். காதொலிக் கருவியும் வேண்டும்.

எனவே அரபு கற்க விரும்பும் நேயர்கள், வகுப்பில் சேருமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுத் தெளிவது நன்று: பாடம் தமிழில் விளக்கப்படுகிறதா, குழுவில் எத்தனை பேர், ஒவ்வொரு வகுப்பிலும் தமக்கு எத்தனை முறை வாய்திறக்க இடம் கிடைக்கும். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காத வகுப்பில் பணம் செலுத்த வேண்டியதில்லை.