நீரிலிருந்து தொடங்கும் ஊர்
(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரை)



பொழுது சாய்வதற்குள் நாம் அனைவரும் உணவருந்தி எழவேண்டும். ஆகவே, ஓய்வுபெற்ற தமிழாசிரியையின் பேச்சு எவ்வளவு நீளுமோ என்று எவரும் அஞ்ச வேண்டா. கதிரவனே எனக்குக் கால எல்லை வகுத்திருக்கிறான்.

"உங்கள் ஊரைப் பற்றிப் பேசுங்கள்" என்று பணித்தார்கள். நான் பிறந்தது வில்லியனூரை அடுத்த ஒரு சிற்றூர், வாழ்க்கைப்பட்டது பாகூர். இவ்விரு கொம்யூன்களிலும் உள்ள பள்ளிகளில் முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன். புதுச்சேரி என்றவுடன் வெளியூரில் வாழ்வோர் கடற்கரைச் சாலையையும் மஞ்சள் வண்ண மாளிகைகளையும் நினைக்கிறார்கள். பெங்களூரில் வளரும் என் பேத்தி, பள்ளிக்கென "என் சொந்த ஊர்" என்று ஒரு கட்டுரை எழுதினாள். அவளும் அவற்றையே எழுதியிருந்தாள். படித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழையோ பொருட்பிழையோ இல்லை. ஆனால் எங்கள் ஊர் அதில் இல்லை.

ஓர் ஊரை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது? நம் திருத்தக்கதேவர் வழிகாட்டியிருக்கிறார். சீவக சிந்தாமணியில் சீவகன் பிறப்பதற்கு முன்பே ஏமாங்கத நாட்டில் மழை பெய்துவிடுகிறது. முகில் கடலிலே நீர் முகந்து மலையிலே பொழிய, வெள்ளம் ஆறாகி, வாய்க்காலாகி, வயலில் பாய்ந்து, அதன் பின்னரே நகரமும் அரசனும் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். ஊரை நீரிலிருந்து சொல்லுதல் நம் காப்பிய மரபு. அம்மரபின்படியே நானும் சொல்கிறேன்.

எங்கள் பகுதிக்கு வடக்கே ஓர் ஆறு, தெற்கே ஓர் ஆறு. வடக்கே ஓடுவது சங்கராபரணி. செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. இந்த அவையில் இருப்போருள் பலர் அவ்வாற்றின் மேற்பகுதியைச் சேர்ந்தவர்கள். அது செஞ்சி மலைப் பக்கத்தில் பெய்யும் மழையைத் திரட்டிக்கொண்டு வீடூர் அணை வழியாக வருகிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்று இருக்கிறது. இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் வடிக்கப்பட்ட அக்குன்றில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த செய்தி கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. மேல்சித்தாமூர் மடமும் அந்தப் பக்கத்தில்தான் உள்ளது. நீங்கள் உங்கள் ஊரில் நனையும் மழை, ஓரிரு நாளில் எங்கள் வில்லியனூர்ப் பாலத்தின் கீழே செந்நிறமாகப் போகும். சிறுமியாக இருந்தபோது என் பாட்டனார் அந்த வெள்ளத்தைக் காட்டி, "இது நம்மவர் ஊரிலிருந்து வருகிறது" என்பார்.

வில்லியனூரில் திருக்காமீசர் கோயிலின் தேரும் உண்டு, லூர்து மாதா கோயிலின் குளமும் உண்டு. 1879 முதல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் புகைவண்டி எங்கள் ஊர் வழியே ஓடுகிறது. வில்லியனூர்ச் சுடுமண் சிற்பங்களுக்கு 2011இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அண்மையில் உள்ள கீழூரில்தான் 1954 அக்டோபர் 18 அன்று மக்களின் சார்பாளர்கள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கும், 8 பேர் எதிராகவும் வாக்களிக்க, நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. ஆறு இங்கிருந்து கிளை பிரிந்து, ஒரு கிளை அரிக்கமேட்டைத் தொட்டுக் கடலில் கலக்கிறது. 1945இல் வீலர் அகழ்ந்து, உரோமானியரோடு நடந்த வணிகத்தை உலகறியச் செய்த மேடு அது. அருகன்மேடு என்பதே அரிக்கமேடு ஆயிற்று என்று கருதும் அறிஞரும் உளர். அக்கருத்து முடிந்த முடிபு அன்று. எனினும் அப்பெயரை ஒலிக்கும்போதெல்லாம் நம் செவி ஒரு கணம் நின்று கேட்கிறது.

இனித் தெற்கே வருவோம். வில்லியனூரிலிருந்து பாகூருக்கு வரும்போது, புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையிலான எல்லை துண்டு துண்டாக ஊடாடிக் கிடப்பதைக் காண்பீர்கள். கடைகளின் பெயர்ப்பலகையில் உள்ள மாநிலத்தின் பெயரைப் பார்த்தே எங்கே நிற்கிறோம் என்று அறிய வேண்டும். ஆனால் நீர் அவ்வெல்லையை மதிப்பதில்லை. ஊசுட்டேரியின் ஒரு பாதி அங்கே, ஒரு பாதி இங்கே. பாகூர் ஏரிக்கு நீர் தரும் பங்காரு வாய்க்கால், பெண்ணையாற்றின் குறுக்கே தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ள சொர்ணாவூர் அணைக்கட்டில் தொடங்குகிறது. பங்காரி, சிங்காரி என்னும் இரு நடனமாதர் தம் பொருளைக் கொடுத்து நீர்வழி அமைத்தார்கள் என்பது ஊரில் வழங்கும் கதை. அரசர் பெயரை மறந்துவிட்ட மக்கள், வாய்க்கால் வெட்டிய பெண்ணின் பெயரை நாள்தோறும் சொல்கிறார்கள்.

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உள்ளன. ஊசுட்டேரி அவற்றுள் முதலாவது, பாகூர் ஏரி இரண்டாவது. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். கார்த்திகை, மார்கழியில் வந்தீர்களாயின், ஏரி நிறைந்து, கரையோரம் நாமக்கோழியும் நீர்க்காகமும் மிதக்க, மதகுக்குக் கீழே நாற்று நட்ட வயல்கள் தொடுவானம் வரை பசுமையாய் இருக்கும். இப்போது சித்திரை, வைகாசியில் வந்தால் ஏரியின் நடுவே மாடு மேயும். இரண்டும் எங்கள் ஊரே.

ஏரிக்கரையிலிருந்து ஊருக்குள் வந்தால் மூலநாதர் கோயில். சோழர் காலத்துக் கற்றளி. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் கல்வெட்டுகளும் அங்குள்ளன. ஆனால் ஓர் ஆசிரியையாக நான் பெருமைப்படுவது அக்கற்களுக்காக அன்று, பாகூர்ச் செப்பேடுகளுக்காக. 1879இல் கண்டெடுக்கப்பட்ட அவை பிரான்சுக்குச் சென்றுவிட்டன. பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்களின் வருவாய் வாகூரில் இருந்த கல்விநிலையத்துக்குக் கொடையாக விடப்பட்ட செய்தியை அவை கூறுகின்றன. வாகூர் என்பதே இன்றைய பாகூர். மூன்று ஊர்களின் உழவர் விளைவித்த நெல், நான்காவது ஊரின் மாணாக்கர்க்குப் பாடமாயிற்று. அந்த நெல்லை விளைவித்ததும் நீரே.

பாகூரிலிருந்து பெண்ணையாற்றைக் கடந்தால் கடலூர். அங்குள்ள திருப்பாதிரிப்புலியூரே நம் நூல்கள் கூறும் பாடலிபுரம் என்பர். சர்வநந்தி முனிவர் லோகவிபாகம் என்னும் நூலைச் சக ஆண்டு 380இல், அதாவது பொது ஆண்டு 458இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் அவ்வூரில் நிறைவு செய்தார். சிம்மசூரி வடமொழியில் ஆக்கிய நூல் வழியாக நாம் அச்செய்தியை அறிகிறோம். லோகவிபாகம் உலகத்தின் அமைப்பைக் கூறும் நூல். தீவுகளையும் கடல்களையும் மலைகளையும் அளவிட்டு உரைப்பது. உலகம் முழுவதையும் பிறர்க்கு எடுத்துரைத்த ஒருவர், எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் செல்லக்கூடிய தொலைவில் அமர்ந்து எழுதினார். அவர் உலகை விளக்கினார். நாமோ நம் ஊரைக்கூட நம் பிள்ளைகளுக்கு விளக்கவில்லை.

பெரியோர்களே, இதுவரை நான் கூறியது ஊரின் பெருமை. பெருமையை மட்டும் கூறி அமர்ந்தால் அது முழுமையான உரை ஆகாது. எங்கள் குடும்பத்தின் பிழை ஒன்றையும் கூற வேண்டும்.

பாகூர் ஏரியின் பாசனத்தில் என் மாமனார்க்கு நிலம் இருந்தது. பத்திரத்தில் ஹெக்டேர், ஆர், செந்தியார் என்று பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற அளவில் எழுதியிருக்கும். வாய்ப்பேச்சில் நாங்கள் நாற்பத்தெட்டுக் குழி என்போம். அந்நிலத்தின் ஓரமாக ஒரு வயல் வாய்க்கால் ஓடியது. இரண்டு முழ அகலம் இருக்கும். மழைக் காலத்தில் மேல்வயலின் மிகுநீர் அதன் வழியே வடியும். என் மாமனார் ஆண்டுதோறும் ஆடி மாதம் மண்வெட்டியோடு சென்று அதைத் தூர்வாருவார். அவர் காலத்துக்குப் பின், மகனின் மேற்படிப்புக்காக நிலத்தை விற்றோம். விற்றதில் குற்றமில்லை, தேவை இருந்தது. வாங்கியவர் மனைகளாகப் பிரித்தார். வாய்க்கால் இருந்த இடம் மேடாயிற்று. அப்பாதையில் வாரம் ஒருமுறை நடந்து செல்லும் நான் அதைக் கண்டேன், ஒன்றும் சொல்லவில்லை. விற்ற பின் நமக்கென்ன என்றிருந்தேன்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அடுத்த சில நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து வெளியேறிய பெருவெள்ளம் பெண்ணையாற்றில் இறங்கி வந்து, பாகூர்ப் பகுதியின் ஆற்றோரச் சிற்றூர்களைச் சூழ்ந்தது. அத்தனை பெரிய வெள்ளத்தை இரண்டு முழ வாய்க்கால் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் ஊரின் மற்ற இடங்களில் நீர் வடிந்த பின்னும், நாங்கள் விற்ற நிலத்தில் எழுந்த வீடுகளைச் சுற்றி மட்டும் அது வடியாமல் நின்றது. அங்கே கடன் வாங்கி வீடு கட்டிய ஓர் இளங்குடும்பம், கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. ஆறு நாள் எங்களோடு இருந்தார்கள். "அம்மா, மனை வாங்கும்போது இங்கே ஒரு வாய்க்கால் இருந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே" என்றாள் அப்பெண். அவள் என்னைக் குறை கூறவில்லை. அந்நிலம் எங்களுடையது என்பதே அவளுக்குத் தெரியாது. நான் சொன்னேன். சொல்லாமல் அவளுக்கு உணவு பரிமாற என்னால் இயலவில்லை.

அன்றிரவு என் தாயாரை நினைத்தேன். செப்புக் குடத்தின் வாயில் வெண்துணி கட்டி நீரை வடித்த பின்னரே எங்களுக்குக் குடிக்கத் தருவார். துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் மடிந்துவிடக் கூடாதென்று அத்துணியைக் கிணற்று நீரிலேயே அலசிவிடுவார். ஒரு குடம் நீருக்கு அத்துணை விழிப்பு. உங்கள் வீட்டிலும் இப்படித்தான் நடந்திருக்கும். நீரை வடிகட்டிக் குடிக்கும் மரபில் வந்த நான், நீர் செல்லும் வழி அடைபடுவதைக் கண்டும் வாளாவிருந்தேன். அகிம்சை என்பது குடத்தோடு முடிவதன்று என்பதை அறுபது வயதுக்கு மேல் கற்றேன்.

இன்று அட்சய திருதியை. ஆதிபகவனுக்குச் சிரேயாம்ச மன்னன் கருப்பஞ்சாறு அளித்து, ஆகார தானத்தைத் தொடங்கிவைத்த நாள். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்று தானம் நால்வகை. வாகூர்க் கல்விநிலையத்துக்கு அளித்தது சாத்திர தானம். வாய்க்கால் வெட்டுவது எந்தத் தானம்? நெல்லைத் தருவதால் ஆகார தானம். வெள்ளத்திலிருந்து காப்பதால் அபய தானம் என்பேன். வெட்ட இயலாதவர்கள் அடைக்காமலாவது இருக்கலாம்.

வெளியூரில் வாழும் உங்களுள் பலர்க்கு வந்தவாசி, திண்டிவனம், செஞ்சிப் பக்கங்களில் இன்றும் நிலம் இருக்கிறது. விற்கவே கூடாதென்று கூற எனக்குத் தகுதியில்லை. ஒன்று மட்டும் வேண்டுகிறேன். விற்பதற்கு முன், மழைக் காலத்தில் ஒருமுறை வாருங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, நீர் எங்கிருந்து நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று நடந்து பாருங்கள். அதை வாங்குவோரிடம் சொல்லுங்கள், பத்திரத்திலும் எழுதுங்கள். அந்த வழியை விட்டுவைப்பதாக உறுதி பெற்றுக் கையொப்பமிடுங்கள்.

அறக்கட்டளையாரிடமும் ஒரு விண்ணப்பம். 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு எங்கள் பகுதி ஏரிகளைச் சீரமைக்கத் தொடங்கியபோது, கரை எங்கே, மதகு எங்கே, வாய்க்கால் எங்கே என்பதை ஊர் முதியோரிடம்தான் கேட்டறிந்தார்கள். அம்முதியோர் இப்போது குறைந்து வருகிறார்கள். வரும் ஆண்டு மலரில், ஒவ்வொரு குடும்பமும் தன் ஊரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதட்டும். கோயிலையும் எழுதுங்கள், குன்றையும் எழுதுங்கள். ஆனால் நீரிலிருந்து தொடங்குங்கள்.

என் பேத்தி இந்த விடுமுறைக்கு வந்திருக்கிறாள். நேற்றுக் காலை அவளை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். வறண்ட ஏரியைப் பார்த்து, "இதற்குத் தண்ணீர் யார் தருகிறார்கள், பாட்டி?" என்று கேட்டாள். வாய்க்காலைக் காட்டினேன். வீட்டுக்கு வந்ததும் கட்டுரையின் முதல் வரியை அடித்துவிட்டு, "எங்கள் ஊருக்குத் தண்ணீர் சொர்ணாவூரிலிருந்து வருகிறது" என்று எழுதினாள். மீதியை அவளே எழுதிக்கொள்வாள்.

பொழுது சாயப் போகிறது. எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க.