கூடிப் பணிசெய்யும் குடும்ப வைத்தியர்கள்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இங்கிலாந்தில் குடும்ப வைத்தியராகப் பணிபுரியும் நான், அங்குள்ள ஒரு கூட்டு முயற்சியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

1948இல் அங்கு தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது குடும்ப வைத்தியர்கள் அரச ஊழியர்களாகவில்லை. ஒப்பந்த அடிப்படையில் தத்தம் சிகிச்சை நிலையங்களைத் தாமே நடத்தினர். பெரும்பாலான நிலையங்கள் இன்றும் அப்படித்தான் இயங்குகின்றன. ஆனால் மாலைநேரச் சிகிச்சை, மருந்தாளர், இயன்மருத்துவர் என எல்லாவற்றையும் ஒரு சிறிய நிலையம் தனித்து வழங்க முடியாது. அதனால் அயலிலுள்ள நிலையங்கள் கூட்டமைப்புகளாக இணைந்தன. ஓர் இயன்மருத்துவரைப் பல நிலையங்கள் பகிர்ந்துகொள்கின்றன. 2019இல், 30,000 முதல் 50,000 வரையான மக்களுக்கு ஒரு வலையமைப்பு என்ற ஏற்பாடும் வந்தது.

இக்கூட்டமைப்புகள் சில, இலாபநோக்கற்ற சமூக நலக் கம்பனிகளாகப் பதிவுபெற்றுள்ளன. அவற்றின் சொத்து தனியார் கைக்குப் போகாதபடி சட்டமே பூட்டுப் போட்டிருக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. கூட்டு பெருக்கும்போது நோயாளி ஒவ்வொரு முறையும் புதுமுகத்தையே காண நேரிடலாம். ஒரே வைத்தியரிடம் நெடுங்காலம் செல்வோர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கணக்கு, கணினி, பணியாளர் பொதுவாகட்டும். தாயின் வருத்தத்தையும் மகளின் பயத்தையும் அறிந்த வைத்தியர் மாறாதிருக்கட்டும்.

மருத்துவம் பயிலும் தங்கைகளே, போட்டிபோட்டுப் படித்துத்தான் அங்கு சென்றீர்கள். இனிக் கூடிப் பணிசெய்யவும் பழகுங்கள். நோயாளிக்கு வேண்டியது அதுதான்.