சர்க்கரை வியாதியில் கால் மதமதப்பு: எண்ணெய் உதவுமா?



எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வயலிலிருந்து வந்து காலைக் கழுவும்போது பார்க்கிறார், பெருவிரலுக்கு அடியில் கருவேல முள் ஒடிந்து நிற்கிறது. எப்போது ஏறியது? தெரியாது. வலியே இல்லை. "நம்ம கால் அவ்வளவு உரம்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். பெருமைப்பட ஒன்றுமில்லைங்க. அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. கால் நரம்பு மரத்துப் போயிருந்தது, அதுதான் சங்கதி.

ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்காகக் கூடியே இருந்தால் நரம்பும் கெடும், அதற்கு ரத்தம் கொண்டுபோகிற மெல்லிய குழாயும் கெடும். காலுக்குப் போகிற நரம்புதான் ரொம்ப நீளம். அதனால் முதலில் கால்விரல்தான் பாதிக்கும். சிலருக்கு ராத்திரியில் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரியும். சிலருக்குப் பஞ்சுமேல் நடக்கிற மாதிரி மதமதப்பு.

இதற்கு எண்ணெய் தேய்த்தால் போதாதா என்று பலபேர் கேட்கிறீர்கள். எண்ணெய்ப் பேச்சு முழுக்க வெறும் பேச்சில்லை. மேல்நாட்டில் ஈவினிங் பிரிம்ரோஸ் என்று ஒரு செடி, சாயங்காலத்தில் மஞ்சளாகப் பூக்கும். அதன் விதை எண்ணெயில் காமா லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்புச்சத்து நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு இருக்கிறது. நரம்புக்கு வேண்டிய சத்து அது. நம்ம நல்லெண்ணெயில் இருக்கிற லினோலிக் அமிலத்திலிருந்து உடம்பே அதைத் தயாரித்துக்கொள்ளும். சர்க்கரை வியாதி வந்தால் அந்த வேலை மந்தப்படுகிறது. நெல் இருக்கு, மில் ஓடலை என்று வையுங்களேன். அப்படியானால் அரிசியாகவே கொடுத்துப் பார்க்கலாமே என்றுதான் ஆராய்ச்சி செய்தார்கள்.

1993-ல் வெளியான ஓர் ஆய்வில் 111 பேர். ஒரு பகுதியினர் இந்தச் சத்தைத் தினம் 480 மில்லிகிராம் வீதம் ஒரு வருஷம் சாப்பிட்டார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு நரம்பின் வேகத்திலும், சூடு குளிர் தெரிவதிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஒன்று கவனியுங்கள்: சர்க்கரையை ஓரளவு கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். அதுவும் 111 பேரை மட்டும் வைத்து ஊருக்கே மருந்து சொல்ல முடியாது. இது உள்ளே சாப்பிட்டது, மேலே தேய்த்தது இல்லை. கடையில் மாத்திரையாகக் கிடைக்கிறதே என்று நீங்களாக வாங்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மிளகாய்க் காரத்திலும் மருந்து உண்டு. கேப்சைசின் 8 சதவீதம் கலந்த பட்டையை, இந்தக் கால்வலிக்கென்று 2020-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அதை ஒட்டுவது மருத்துவரின் மேற்பார்வையில். அதைக் கேட்டுவிட்டு வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசிவிடாதீர்கள். மரத்த காலில் தோல் வெந்தாலும் தெரியாது.

அப்போ நம்ம எண்ணெய்? வறண்டு வெடித்த குதிகாலுக்கு தேங்காயெண்ணெய் நல்லது. வெடிப்பு வழியே சீழ் பிடிக்காமல் காக்கும், அவ்வளவுதான். விரல் இடுக்கில் மட்டும் பூசாதீர்கள். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண். இடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். எண்ணெயைச் சுடவைத்துத் தேய்ப்பது, வெந்நீர் ஒத்தடம், தவிட்டு ஒத்தடம் எதுவும் வேண்டாம். எத்தனையோ பேருக்குக் கொப்புளம் கண்டது இப்படித்தான்.

ராத்திரி படுக்குமுன் பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். வரப்பில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்து உணர்ச்சி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். மெட்பார்மின் மாத்திரை ரொம்ப நாள் சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தாலும் மதமதப்பு வரும். அதையும் கேளுங்கள், அது சரிசெய்யக் கூடியது. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அந்தப் பெரியவருக்குப் புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. விரல் தப்பியது. இப்போது பேத்தி டார்ச் பிடிக்க, தினமும் காலைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்.