நீர்மட்டம் யார் கையில்? வயோந்த் அணை தரும் பாடம்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அணை உடைந்து ஊர் அழிந்த செய்திகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இன்று நான் சொல்ல வந்தது அணை உடையாமலே ஊர் அழிந்த செய்தி. அந்த அணை இன்றும் நிற்கிறது. ஆனால் அதன் கீழே வாழ்ந்த 1,900-க்கும் மேற்பட்ட ஜனங்கள் ஒரே இரவில் மாண்டார்கள்.

இது நடந்தது வட இத்தாலியின் மலைப் பிரதேசத்தில். வயோந்த் என்ற ஆற்றின் குறுக்கே 'சாடே' என்ற தனியார் மின்சாரக் கம்பெனி அணை கட்டிற்று. உயரம் 262 மீட்டர், அதாவது சுமார் 860 அடி. வளைவு அணைகளில் அன்று உலகிலேயே உயரமானது அதுதான். நீர்த்தேக்கத்தின் ஒரு கரையில் 'டோக்' என்ற மலை. அதன் சரிவில்தான் எர்த்தோ கிராமத்து விவசாயிகளின் நிலமும் புல்வெளியும் இருந்தன. மலை நிலையானதல்ல, தண்ணீர் தேக்கினால் ஆபத்து என்று அந்த ஜனங்கள் முறையிட்டார்கள். கம்பெனி காது கொடுக்கவில்லை.

1959 மார்ச்சில், அதே கம்பெனியின் பக்கத்து நீர்த்தேக்கமான பொந்தெசேயில் மலை சரிந்து விழுந்தது. எழும்பிய அலையில் ஒரு தொழிலாளி மாண்டார். எர்த்தோ ஜனங்களின் அச்சம் இரட்டிப்பாயிற்று. அவர்கள் குரலை நாடறியச் செய்தவர் தீனா மெர்லின் என்ற பெண். பாசிஸ்டுகளை எதிர்த்த போராட்டத்தில் தூது சென்றவர். கம்யூனிஸ்டுக் கட்சிப் பத்திரிகையான 'லூனித்தா'வின் நிருபர். 1959 மே மாதம் அவர் எழுதினார். சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? மலையைப் பரிசோதிக்கவில்லை, எழுதியவர் மீது வழக்குப் போட்டது! பொய்ச் செய்தி பரப்பிப் பொது அமைதியைக் கெடுத்தார் என்று குற்றச்சாட்டு. எர்த்தோ விவசாயிகள் மிலான் நகரக் கோர்ட்டுக்கு வந்து அவருக்காகச் சாட்சி சொன்னார்கள். 1960 நவம்பரில் விடுதலையானார்.

அதே நவம்பர் 4-ந் தேதி மலையே சாட்சி சொல்லிற்று. 7 லட்சம் கன மீட்டர் மண்ணும் பாறையும் நீர்த்தேக்கத்தில் சரிந்தன. மலைமேல் சுமார் 2 கிலோ மீட்டர் நீளத்துக்கு வெடிப்பு கண்டது. அணையை வடிவமைத்த பொறியாளரின் சொந்த மகனே, இது பழைய காலத்தில் ஒருமுறை சரிந்த மலை, மறுபடியும் சரியலாம் என்று ஆராய்ந்து சொன்னார்.

ஏன் சரிகிறது? கிணற்று வேலை செய்த தோழர்களுக்கு இது புரியும். மண் கிணற்றில் தண்ணீரைச் சட்டென்று இறைத்தால் பக்கச் சுவர் சரியும். தண்ணீர் இருக்கும்வரை அது சுவருக்கு முட்டுக் கொடுக்கிறது. இறைத்ததும் முட்டுப் போய்விடுகிறது; மண்ணுக்குள் ஊறிய நீரோ உள்ளிருந்து தள்ளுகிறது. டோக் மலையில் பாறை அடுக்குகளுக்கு நடுவே களிமண் படலம். நீர்மட்டம் ஏறினால் தண்ணீர் உள்ளே புகுந்து பாறையின் பிடிப்பைத் தளர்த்தும். வேகமாக இறக்கினாலும் ஆபத்து.

கம்பெனி நிபுணர்கள் ஒரு மாதிரி செய்து, சரளையைச் சரித்துப் பார்த்தார்கள். கடல் மட்டத்துக்கு மேல் 700 மீட்டர் வரை நீர் நின்றால் பயமில்லை என்று முடிவு கட்டினார்கள். மட்டத்தை ஏற்றியும் இறக்கியும் மலையை மெல்ல நகர்த்தலாம் என்று எண்ணினார்கள். 1963-ல் அணை தேசிய மின்சார நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஆனால் நிர்வாகத்தில் அதே அதிகாரிகள், அதே ரகசியம். செப்டம்பரில் தங்கள் கணக்கையே மீறி 710 மீட்டர் வரை ஏற்றினார்கள். மலை நகரும் வேகம் கூடியது. கடைசி நாட்களில் நாளொன்றுக்கு 20 சென்டி மீட்டர்! பயந்து மட்டத்தை இறக்கத் தொடங்கினார்கள். மலைச் சரிவில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். கீழே இருந்த லொங்கரோனே ஊரை வெளியேறச் சொல்லவில்லை.

1963 அக்டோபர் 9-ந் தேதி இரவு. லொங்கரோனேயில் பலர் தொலைக்காட்சியில் கால்பந்தாட்டம் பார்க்கக் கூடியிருந்தார்கள். மணி 10-39. சுமார் 26 கோடி கன மீட்டர் மலை ஒரே வீச்சில் நீர்த்தேக்கத்தில் இறங்கிற்று. தண்ணீர் அணையின் முகட்டுக்கு மேல் 100 மீட்டருக்கும் அதிகமாக எழும்பிப் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. சில நிமிஷங்களில் லொங்கரோனே இல்லை. அணையில் வேலை செய்த தொழிலாளிகளும் போனார்கள்.

வழக்கு 1971-ல் முடிந்தது. இறுதியில் தண்டனை பெற்றவர்கள் இருவர் மட்டுமே.

தோழர்களே, அணையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பாசனத்துக்கும் ஆலை ஓடும் மின்சாரத்துக்கும் அணை வேண்டும். பாய்லர் வேண்டும் என்பதற்காக அழுத்தம் காட்டும் முள்ளை மூடி மறைக்க நாம் சம்மதிப்போமா? வயோந்தில் மூடி மறைத்தார்கள். சொத்து தனியாரிடமிருந்து சர்க்காருக்குப் போனபின்பும் மறைத்தார்கள். ஆகவே உடைமை மாறினால் மட்டும் போதாது. கணக்கு ஜனங்கள் முன் வர வேண்டும்.

நம் நாட்டில் 2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. பெரிய அணைகளுக்கு அவசரகாலத் திட்டம் வேண்டும் என்று அது சொல்கிறது. ஏட்டில் இருந்தால் யாருக்குப் பயன்? அணைக்குக் கீழே குடியிருக்கும் தோழர்கள் கிராமசபையில் கேளுங்கள். மட்டம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது? கரையில் வெடிப்பு, கசிவு உண்டா, கடைசியாகப் பார்த்தது யார்? நள்ளிரவில் நீர் திறந்தால் சேரிக்கும் குடிசைக்கும் சொல்வது யார்? எந்தப் பாதையில், எந்த மேட்டுக்குப் போக வேண்டும்?

எர்த்தோ விவசாயிகள் படித்த நிபுணர்கள் அல்ல. ஆனால் தங்கள் மலையை அறிந்திருந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்திருந்தால், லொங்கரோனே ஜனங்கள் அன்று இரவு உயிர் பிழைத்திருப்பார்கள். அந்தக் கேள்வியை நாம் கேட்போம், பதில் வரும்வரை கேட்போம்.