விடுமுறையில் கைப்பேசிக்கும் விடுமுறை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுக்கப்பட்ட நேரம் பதினைந்து நிமிடம். தலைப்பு உங்கள் விருப்பம் என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே விஷயத்துக்கு நேராக வந்துவிடுகிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் வாட்ஸ்அப், முகநூல், இன்ஸ்டாகிராம் இவற்றைக் கொஞ்ச நாளைக்கு ஓரங்கட்டி வைக்க வேண்டும். அதை நம் சங்கத்துக் குழுவிலிருந்தே தொடங்க வேண்டும். மரத்தடி, விடுதிச் சாம்பார் என்று பழங்கதை பேசுவேன் என எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். அதற்கு எனக்கு அடுத்துப் பேசுகிறவர் தயாராக இருக்கிறார்.

"செல்போனை ஒழி" என்று பேச வந்தவன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். கைப்பேசி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. விடிவதற்குள் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வாழையும் படுத்துவிட்டன. மின் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் ஒடிந்தன. கோபுரங்களுக்கு மின்சாரம் இல்லை, அதனால் சிக்னல் இல்லை. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். அதே ஜெனரேட்டரில் பத்து இருபது போன்கள் வரிசையாகச் சார்ஜுக்குத் தொங்கின.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்த நம் பிள்ளைகள் அந்த நாட்களில் பட்ட பாடு கொஞ்சமா? அம்மா உயிரோடு இருக்கிறாளா, ஓட்டு வீடு நிற்கிறதா, ஒன்றும் தெரியாது. பக்கத்து ஊர்க்காரன் எங்கேயோ மேட்டில் ஏறி நின்று ஒரு கோடு சிக்னல் பிடித்து, "உங்க ஆத்தா நல்லா இருக்கு" என்று ஒரு வரி அனுப்பினால் போதும், இங்கே கையெடுத்துக் கும்பிட்டவர்கள் இருக்கிறார்கள். பிறகு தார்ப்பாயும் அரிசியும் மெழுகுவத்தியும் லாரி லாரியாக வந்து இறங்கியதில் பாதி இந்த முகநூலும் வாட்ஸ்அப்பும் கூட்டிய கூட்டம்தான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்களைக் கொண்டு வந்து நிறுத்தியதும் அதே கருவிதான். இதையெல்லாம் மறந்துவிட்டுப் பேசுவது நன்றிகெட்ட பேச்சு.

ஆனால் பாருங்கள், அந்தப் புயல் நாட்களில் யாராவது "ஐயோ, நேற்று யார் என்ன படம் போட்டார்கள் என்று தெரியவில்லையே" என்று அழுதார்களா? இல்லை. ஒரு குரலுக்காகத்தான் அழுதார்கள். பெற்றவள் குரல், கட்டியவள் குரல். ஆக, கைப்பேசிக்குள்ளே இரண்டு சாமான்கள் இருக்கின்றன. ஒன்று, வேண்டியவரோடு பேசும் வழி. இன்னொன்று, முடிவே இல்லாமல் ஓடும் அந்தத் திரை. நான் ஓரங்கட்டச் சொல்வது இரண்டாவதை.

அந்தத் திரை முடிவில்லாமல் ஓடுவது தற்செயல் அல்ல. முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்துக்குப் போக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துமுன் ஒரு நொடி, "போதுமா?" என்று மனசு கேட்கும். 2006-இல் ஆசா ராஸ்கின் என்ற அமெரிக்க இளைஞர், பக்கம் முடியாமல் தானாகவே நீண்டுகொண்டு போகும்படி ஒரு முறையை வடிவமைத்தார். பின்னாளில் அவரே பகிரங்கமாக அதற்காக வருந்தினார். கடைசிப் பந்தி என்பதே இல்லாத கல்யாண வீடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். இலையை எடுக்கவே மாட்டார்கள், பரிமாறிக்கொண்டே இருப்பார்கள். வயிறு என்னத்துக்கு ஆகும்?

வெளிநாட்டிலிருந்து மூன்று வார விடுப்பில் வருகிறார் நம் நண்பர். திருச்சி விமான நிலையத்திலிருந்து ஊர் ஒரு மணி நேரத்துச் சொச்சம். வந்ததும் வராததுமாகத் திண்ணையில் உட்கார்ந்து "ஊர் மண் வாசனை" என்று படம் போடுகிறார். அதற்கு யார் என்ன சொன்னார்கள் என்று பார்ப்பதில் மத்தியானம் போய்விடுகிறது. உள்ளே அப்பத்தா அயிரை மீன் குழம்பு வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தக் கிழவி அக்கம்பக்கத்தில் சொல்வது என்ன? "வந்தான், அதை நோண்டிக்கிட்டே இருந்தான், போயிட்டான்." அடுத்த விடுப்புக்கு அவர் இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அப்பத்தாவுக்கு அந்த இரண்டு வருஷம் உத்தரவாதமா?

சரி, நிறுத்த முடியுமா? முடியும். மகாராஷ்டிரத்தில் சாங்கலி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். 2022 ஆகஸ்ட் 15 முதல் அங்கே தினமும் இரவு 7 மணிக்குச் சங்கு ஊதுகிறது. ஒன்றரை மணி நேரம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைக்க வேண்டும். பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசுவார்கள். கொரோனாக் காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று பிள்ளைகள் கையில் ஏறிய போன் இறங்கவே இல்லை என்பதால் ஊர்க்காரர்களே கூடி எடுத்த முடிவு அது. நம் பழனியிலும் 2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது என்றார்கள். அடிவாரத்தில் 5 ரூபாய் கட்டிப் பத்திரப்படுத்திவிட்டு ஏற வேண்டும். முதலில் முணுமுணுத்தார்கள். முருகன் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

ஆனால் வெறுமனே பிடுங்கினால் நிலைக்காது. 2020 ஜூன் 29 அன்று நம் அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. நாடே அதிலிருந்து விடுபட்டிருக்க வேண்டுமே? பத்து நாள் கூட ஆகவில்லை, இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. ஆடியவர்கள் அங்கே போய் ஆடினார்கள். எடுத்த இடத்தில் வேறொன்றை வைக்காவிட்டால் பழையதே பெயர் மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடும்.

வைப்பதற்கு நம்மிடம் என்ன பஞ்சம்? சித்தன்னவாசல் இங்கிருந்து எவ்வளவு தூரம்? அறிவர் கோயில் விதானத்திலே ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. ஓவியம் நிறைய அழிந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் பார்த்தால் பச்சையும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகத்தான் தெரியும். கழுத்தை அண்ணாந்து ஐந்து நிமிடம், பத்து நிமிடம் பார்த்தால்தான் ஒவ்வொன்றாக மேலே வரும். முதலில் இலை, பிறகு மீன், பிறகு பூக்கொத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிற அந்த ஆள். போனைத் தூக்கிப் பிடித்து ஒரு சொடுக்கு சொடுக்கிவிட்டு வெளியே வருகிறவருக்கு அந்த ஆள் கடைசிவரை அகப்படவே மாட்டான். மேலே ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்கள் படுத்த 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. அங்கிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டல். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். நம்மைப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை, பத்து நாள் சும்மா இருக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நடைமுறைக்கு வருகிறேன். கணக்கை அழிக்க வேண்டாம், செயலியை மட்டும் எடுத்துவிடுங்கள். திரும்பப் போட்டால் கணக்கு அப்படியே இருக்கும். வாட்ஸ்அப் குழுக்களை நிரந்தரமாகவே மௌனமாக்க வழி இருக்கிறது. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் "அவசரமென்றால் கூப்பிடுங்கள்" என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் பணம் செலுத்தத்தான் திறந்தேன் என்று திறந்து அரை மணி நேரம் காணாமல் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படம் எடுங்கள், தாராளமாக எடுங்கள். வீடு திரும்பிய பிறகு போடுங்கள். குடும்பத்தோடு கொடைக்கானலில் இருக்கிறோம் என்று அன்றன்றைக்கு அறிவிப்பது, வீடு பூட்டிக் கிடக்கிறது என்று திருடனுக்குத் தாக்கல் சொல்வது போலத்தான்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இது எங்களைவிடக் கடினம். மதிப்பெண் அறிவிப்பு, வேலைவாய்ப்புச் செய்தி எல்லாமே வகுப்புக் குழுவில்தான் வருகிறது என்கிறீர்கள். உண்மைதான். அதனால் துறைத் தலைவர்களை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். விடுமுறையில் வரவேண்டிய முக்கிய அறிவிப்புகளை வாரத்துக்கு ஒரு நாள், ஒரே செய்தியாக அனுப்புங்கள். பிள்ளைகள் அன்று மட்டும் திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

இனி நம் சங்கம். நம் குழுவில் தினமும் விழுகிற காலை வணக்கங்களும் ரோஜாப் பூக்களும் எத்தனை என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஒருவர் பிறந்தநாளுக்கு நூறு பேர் அதே கேக்கை அனுப்புகிறார்கள். குழுவில் நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பும்படி வைக்க ஒரு வசதி 2018-லேயே வந்துவிட்டது. வரும் பொங்கலுக்கு, போகி தொடங்கிப் பத்து நாள், அந்த வசதியைப் போட்டுவிடலாம் என்று தீர்மானமாகவே முன்மொழிகிறேன். மரணச் செய்தியும் அவசர ரத்தத் தேவையும் மட்டும் நிர்வாகி வழியாக வரட்டும். அந்தப் பத்து நாளில் யாருக்காவது நம் நினைவு வந்தால் கூப்பிடட்டும், முடிந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் வரட்டும். வழிமொழிகிறவர்கள் கையை உயர்த்தலாம். போன் பிடித்திருக்கும் கையை உயர்த்தினாலும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.